உளவியல் பட்டம் இருக்கிறது, பேராதனையில் வேலை எப்படித் தேடுவது?

தலவாக்கலைப் பிள்ளை:
வணக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான். உளவியலில் சிறப்புக் கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ரிசல்ட் வந்து எட்டு மாதம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ அதன் மருத்துவபீடத்திலோ ஏதாவது கிடைக்குமா என்று வாராவாரம் வெற்றிடப் பக்கத்தைத் திறந்து ‘உளவியல்’ என்று தேடுகிறேன். ஒன்றும் இல்லை. அப்பா பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்கிறார். எங்கே பிழை விடுகிறேன்?

நாவலப்பிட்டி அக்கா:
தங்கச்சி, தேடும் சொல்லில்தான் பிழை. மருத்துவபீடம் ‘உளவியலாளர் தேவை’ என்று போடுவது அபூர்வம். ‘ரிசர்ச் அசிஸ்டன்ட்’ என்று தேடுங்கள். உளமருத்துவத் துறை, சமூக மருத்துவத் துறை இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பும் அங்கேதான் இருக்கிறது. பூச்சிமருந்து ஆராய்ச்சிதானே என்று தாண்டிப் போகாதீர்கள், மருந்து குடித்த ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீட்டுக் கதை இருக்கும்.

நான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் 14 மாதம் வேலை செய்தேன். முதல் விண்ணப்பத்தில் தமிழ் தெரியும் என்றே எழுதவில்லை. தாய்மொழியைத் தகுதி என்று யார் எழுதுவார்! பதிலே வரவில்லை. அடுத்ததில் முதல் வரியிலேயே எழுதினேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 வினாக்கொத்தைத் தந்து, தோட்டத்து லய வீட்டில் ஒரு அம்மாவிடம் கேட்கிற மாதிரி ஒன்றைக் கேட்கச் சொன்னார்கள். ஒன்பது கேள்விகள், எல்லாம் போன இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. எனக்கு வந்தது களைப்புக் கேள்வி. ‘அலுப்பா இருந்துச்சா?’ என்று கேட்டால் கொழுந்து பறிக்கிற யார் இல்லை என்பார்? மலை ஏறி இறங்கியவருக்கெல்லாம் 3 போட வேண்டி வரும். ‘ஞாயித்துக்கிழமையும் எழும்ப ஏலாம இருந்துச்சா என்று கேட்கலாமா சேர்?’ என்றேன். வினாக்கொத்தில் நினைத்தபடி சொல் மாற்றக் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் என்னை எடுத்தது அந்தச் சந்தேகத்துக்காகத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஆஸ்பத்திரியில் மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்றால் இந்தப் பட்டம் காணாது, முதுதத்துவமாணியும் (எம்.பில்) மருத்துவ சபைப் பதிவும் வேண்டும்.

ஹட்டன் மாஸ்டர்:
தற்காலிக விரிவுரையாளர் இடங்களையும் பாருங்கள். தபாலில் அனுப்பச் சொன்னால் உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் தலவாக்கலையில் போட்டால் போய்ச் சேராது. நேரே கொடுப்பதென்றால் சரசவி உயன ஸ்டேஷன் கிட்ட. அங்கே நிற்கிற ரயிலா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் கண்டியில்தான் இறங்குவீர்கள்.

தலவாக்கலைப் பிள்ளை:
அக்கா, என் சீவியிலும் தமிழ் கடைசியில்தான் இருக்கிறது, பொழுதுபோக்குக்கு மேலே. இன்றைக்கே மாற்றுகிறேன். சிங்களம் பேசுவேன், எழுத வராது. அதையும் போடவா?

நாவலப்பிட்டி அக்கா:
போடுங்கள், ‘பேச மட்டும்’ என்று. கூட்டிச் சொன்னால் வார்டில் முதல் நாளே தெரிந்துவிடும்.