பொருள்: ஃபியோர்டுக்கு ‘நுழைகழி’ போதுமா?

அன்பு நண்பர்களே,

குறுகி நீண்டு நிலத்துக்குள் நுழையும் ஆழமான கடல்பகுதிதான் ஃபியோர்டு. அதற்கு ‘நுழைகழி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்க, இன்னொரு சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்கு இடிப்பது ‘கழி’. உப்பங்கழி என்றதும் பழவேற்காடு நினைவுக்கு வருகிறது. நீரில் நின்றபடி கையாலேயே இறால் பிடிக்கிற ஆழம். ஆர்க்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கும் கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில், 2014இல் இந்திய விஞ்ஞானிகள் ‘இண்டார்க்’ என்ற கடலாய்வுக் கருவித்தொகுதியை இறக்கியது 192 மீட்டர் ஆழத்தில். அங்கே அதைவிட ஆழமான இடங்களும் உண்டு. இதைக் கழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆழம் எப்படி வந்தது என்பது பெயரில் தெரிய வேண்டும். பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும் பனித்திரள், அடியில் ஒட்டிய கற்களோடு நகர்ந்து, அரம் போட்ட மாதிரி பாறையை ராவிக்கொண்டே போகிறது. ராவிய தூள் இன்றும் வெளியே வருகிறது: கோடையில் கோங்ஸ்ஃபியோர்டனில் இறங்கும் குரோனபிரீன் பனியாற்றின் முகப்பில் கடல்நீர் செம்மண் குளம்போலக் கலங்கிக் கிடக்கும். பனி பின்வாங்கப் பின்வாங்க, அது தோண்டிய பள்ளத்தில் கடல் ஏறிக்கொள்கிறது.

அதனால் ‘அகழ்குடா’ என்று பரிந்துரைக்கிறேன். அகழி, அகழாய்வு எல்லாம் தெரிந்த சொற்கள். ஊறுகாய் போல இது வினைத்தொகை. அகழ்ந்த, அகழ்கின்ற, அகழும் என முக்காலமும் அடங்கும். பனியாறுகள் கடலைத் தொடும் கோங்ஸ்ஃபியோர்டனின் உள்முனையில் அகழ்வு இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது!

‘பனிக்குடா’ என்று வைத்தால் எளிமைதான். ஆனால் குளிர்காலத்தில் உறையும் ஹட்சன் விரிகுடாவையும் அப்படிச் சொல்லிவிடலாம். மறுபக்கம், நார்வேயின் சோக்னஃபியோர்டு 1,300 மீட்டர் ஆழம். அங்கே இன்று கடலைத் தொடும் பனியாறே கிடையாது; அதைப் பனிக்குடா என்பது பொருந்தாது.

சரி, இடப்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். கோங்ஸ்ஃபியோர்டனுக்குள் புளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா என்று ஓரிடம். ‘ஹால்வோயா’ என்றால் பாதித் தீவு, அதாவது தீபகற்பம். பனியாறுதான் அதை நிலத்தோடு ஒட்டிவைத்திருந்தது. 1990களில் பனி விலகியதும் நடுவே கடல் புகுந்தது. இப்போது அது முழுத் தீவு. வரைபடத்தில் பழைய பெயரே நிற்கிறது. நாம் ‘புளோம்ஸ்ட்ராண்ட் தீபகற்பம்’ என்று எழுதிவைத்தால், படிக்கிற பிள்ளை இல்லாத தரைவழியைத் தேடும்.

அப்புறம், ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குக் குடாநாடு என்றால் நிலம். அகழ்குடா என்று கேட்டவுடன் நீர் தோன்றுகிறதா, நிலம் தோன்றுகிறதா? நிலம் என்றால் சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.