தண்ணீர் அறுபது டிகிரியைத் தொடும் வாரம்: டெக்சாஸ் ஏரிகளில் பேஸ் மீன் அனுபவங்கள்

டல்லாஸ் பக்கத்திலிருந்து

கண்மாய்க்கரையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கை முங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் தூண்டில் படிப்பு. இங்கே வந்தபின் ஒரு மார்ச் மாதம், பேஸ் என்கிற பெரிய வாய் நன்னீர் மீனைப் பிடிக்க, ரே ராபர்ட்ஸ் ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று போட்டால் மீன்பிடி உரிமம் வேண்டாம், நுழைவுக் கட்டணம் மட்டும் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் முதல் நான்கு வாரமும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். பெட்டி நிறைய லூர் என்கிற செயற்கை இரைகள் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டதில் கை வலித்ததுதான் மிச்சம்.

ஐந்தாவது வாரம், மீன்தொட்டியில் மிதக்கவிடுகிற வெப்பமானி ஒன்றை நூலில் கட்டிக்கொண்டு போனேன். காற்றடிக்கிற திறந்த முனையில் 53 டிகிரி காட்டியது (ஃபாரன்ஹீட்தான், இங்கே எல்லாரும் அதில்தான் பேசுவார்கள்). அதே மதியம், வடக்குக் கரையில் உள்ளொடுங்கிய ஒரு சிறு குடாவின் கடைசியில் 59! ஒரே ஏரி, ஒரே நாள், ஆறு டிகிரி வித்தியாசம். யோசித்தால் காரணம் எளிது. வாடைக்காற்றைக் கரை மரங்கள் தடுத்துவிடுகின்றன. தெற்கே சாய்ந்து வருகிற வெயில் நாள் முழுக்க அங்கே விழுகிறது. தண்ணீரும் இடுப்பளவுதான், அடியில் கறுப்புச் சேறு. ஆழத்தில் குளிர்காலத்தைக் கழித்த பேஸ், முட்டையிட முதலில் தேடி வருவது இப்படிப்பட்ட இடங்களைத்தான்.

அன்றைக்கு எடுத்தது செந்நிற லிப்லெஸ் கிராங்க்பெய்ட், மீன் வடிவத்தில் இருக்கும் லூர். வசந்தத்தில் இந்தப் பக்கம் எல்லார் பெட்டியிலும் அந்தச் சிவப்பு இருக்கும். கிராஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கிறால் வளையை விட்டு வெளியே வரும் காலம் இது, பேஸுக்கு அது பிடித்த தீனி. சும்மா சுருட்டிக்கொண்டே வந்தால் போதாது. அடியில் இருக்கும் பாசியில் மாட்டவிட்டு, வெடுக்கென்று பிடுங்க வேண்டும். பாசியிலிருந்து விடுபடுகிற அந்த நொடியில்தான் அடி விழுகிறது. எனக்கு விழுந்த முதல் அடியில் ராடே கையை விட்டுப் போகப் பார்த்தது.

தண்ணீர் 60ஐத் தாண்டி, பேஸ் முட்டையிடும் சூடு வந்துவிட்டால் நான் வேகமான எதையும் தொடுவதில்லை. விரல் நீள மென்பிளாஸ்டிக் புழு, நடுவயிற்றில் ஒரு முள், ஈயமே இல்லை. வேக்கி ரிக் என்பார்கள். இரண்டு முனையும் நடுங்க நடுங்க மெல்ல இறங்கும். தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் இறங்கும்போதே மீன் எடுத்துவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். தக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கைவந்த வேலை.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏப்ரலில் போலரைஸ்டு கண்ணாடி வழியே பார்த்தபோது அடியில் தட்டு அகலத்துக்கு ஒரு சுத்தமான வட்டம் தெரிந்தது. ஆண் பேஸ் வாலால் கூட்டி அமைக்கும் கூடு. பெண் முட்டையிட்டு விலகியபின் காவலும் ஆணுக்குத்தான். புழுவைப் போட்டேன். பசிக்கு எடுத்த மாதிரி இல்லை, குப்பையை வெளியே கொண்டுபோய்ப் போடுவதுபோல வாயில் கவ்வி நகர்த்தியது. வெடுக்கென்று இழுத்தேன். படம் எடுத்து, அளந்து, நண்பனுக்குக் காட்டி, விடுவதற்குள் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் கூட்டுக்குள் நாலைந்து புளூகில் மீன்கள் முட்டையைக் கொத்திக்கொண்டிருந்தன.

ஊரில் விரால் குஞ்சுகள் சிவப்புத் திட்டாக மேலே வந்து மூச்சுவிடும். அடியில் பெற்றவை நிற்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத் தவளை கோத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ரே ராபர்ட்ஸ் கரையில் அதுதான் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு கூடு தெரிந்தால் அங்கே போடுவதில்லை. அடுத்து முட்டையிட வரும் மீன்கள் இரண்டு ராடு நீளத்துக்கு அப்பால் ஆழத்தில் காத்திருக்கும், அவை போதும்.

ஹூஸ்டனிலிருந்து

அண்ணா, நீங்கள் ஏப்ரலில் பார்த்ததை நாங்கள் இங்கே பிப்ரவரிக் கடைசியிலேயே பார்க்க ஆரம்பித்துவிடுவோம். கான்ரோ ஏரியில் கரை முழுக்க வீடுகள், படகுத்துறைகள், தடுப்புச்சுவர்கள். கூடுகளும் துறைகளின் ஓரத்தில்தான். கயாக்கில் போய் ஒவ்வொரு தூணின் நிழலிலும் அதே வேக்கி புழுவை இறக்குவேன். தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தாலும் மீன் சீண்டாது.

கூட்டு மீன் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. டெக்சாஸில் பேஸுக்குத் தடைக்காலம் கிடையாது. பிடித்த இடத்திலேயே, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றிவிட்டால் நேராகக் கூட்டுக்கே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கெடுதல் அந்த ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். படகிலேற்றி வேறு கரைக்குக் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும்.

வாடைக்காற்று வந்து போன மறுநாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வானம் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும், வெயிலும் அடிக்கும், மனிதருக்கு அருமையான நாள். மீன் வாயே திறக்காது. மூன்று வருஷம் அந்த வானத்தை நம்பி ஏமாந்தேன். இப்போது அப்படிப்பட்ட நாளில் டெக்சாஸ் ரிக் ஒன்றோடு மட்டும் போவேன். கால் அவுன்ஸ் ஈயம், முள்முனை பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும். புதருக்கு உள்ளேயே போட்டு, இருபது எண்ணும்வரை அசைக்காமல் வைத்திருப்பேன். ஒன்றோ இரண்டோ கிடைக்கும்.

ஃபோர்க் ஏரிக்குப் போய்வருகிற ஒருவர்

நான் மே மாதத்து ஆள். இரண்டு பேரும் சொன்னதெல்லாம் முடிந்தபின் தொடங்குவது என் சீசன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மாநிலத்தின் பெரும்பாலான ஏரிகளில் 14 அங்குலத்துக்குக் குறையாத பேஸை வைத்துக்கொள்ளலாம், நாளுக்கு ஐந்து. ஃபோர்க்கில் கணக்கு வேறு. 16க்கு மேல் 24 அங்குலத்துக்குள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 24ஐ எட்டியது ஒன்றுதான் அனுமதி. முதல் தடவை போனபோது இது தெரியாது. 17 அங்குல மீன். வீட்டுக்கு ஃபோன் செய்து மசாலா அரைக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர் சொல்லித்தான் தண்ணீரில் விட்டேன். இந்த மாதிரி விதிகள் வளர்த்த ஏரி அது. 1992 ஜனவரியில் பிடிபட்ட 18.18 பவுண்டு மாநிலச் சாதனை மீனும் ஃபோர்க்கில் வந்ததுதான்.

மே மாதம் ஷேட் என்கிற சிறு வெள்ளி மீன்கள் முட்டையிடும். பாலத்தடியில் கொட்டியிருக்கும் கற்களை ஒட்டி, விடிவதற்குச் சற்று முன்னால். முட்டையிட்டு இளைத்த பேஸெல்லாம் அங்கே வந்து குவியும். எந்தப் பாலம், எந்தக் கரை என்று எனக்குச் சொல்வது நாரைகள். அவை கற்கள்மேல் வரிசையாக நின்றால் ஷேட் வந்துவிட்டது. படகை ஆழத்தில் நிறுத்தி, சுழலும் தகடு வைத்த வெள்ளை ஸ்பின்னர்பெய்டைக் கல்லில் படுகிற மாதிரி வீசி, கரையை ஒட்டியே இழுத்து வருவேன். போன மே மாதம் நாற்பது நிமிஷத்தில் பதினொரு மீன், எல்லாம் மறுபடி தண்ணீருக்கே.

வெயில் கற்கள்மேல் ஏறியதும் நாரைகள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன. அதன்பிறகு ஒன்பது மணி வரை வீசியும் ஒரு அடிகூட விழவில்லை.