குடும்பக் குழு: ரெட்மைன்ல வேலை நேரம் பதிய ஆரம்பிக்கறது

நித்யா, காலை 7:42
செந்தில் அண்ணா, மாலதி அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். எங்க டீம்ல 11 பேர். டிக்கெட் எல்லாம், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் போடற பதிவு, ரெட்மைன்ங்கற ப்ராஜெக்ட் மேலாண்மை மென்பொருள்லதான் ஓடுது. அடுத்த மாசத்துலேர்ந்து யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போட்டாங்கன்னு அதுலயே பதியணுமாம். அட்மின் உரிமை என்கிட்ட வந்திருக்கு. டைம் டிராக்கிங் மாட்யூலை ஆன் பண்ணிட்டா போதுமா?

செந்தில், 7:55
போதாதும்மா. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல அது ஒரே ஒரு டிக். அது இல்லாம எதுவும் நடக்காது, ஆனா அது மட்டும் போட்டா பாதிப் பேருக்கு "லாக் டைம்" பட்டனே வராது. வந்தவங்களும் சேவ் பண்ண முடியாம நிப்பாங்க.

மாலதி, 8:03
அதுக்கும் முன்னாடி ஒண்ணு. அந்த மணிக்கணக்கை வச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு கேட்டுக்கோ. க்ளையன்ட்டுக்கு பில் போடவா, அடுத்த தடவை எஸ்டிமேட் சரியா போடவா? ரெண்டுக்கும் அமைப்பு வேற. எந்தக் கேள்விக்கு பதில் வேணும்னு தெரியாம ஆரம்பிச்சா பத்து கட்டம் போட்டு எல்லாரையும் நிரப்பச் சொல்லுவோம், கடைசில ஒரு கட்டமும் உதவாது.

நித்யா, 8:06
ரெண்டும்தான் அக்கா. சில ப்ராஜெக்ட் மணிக்கு இவ்வளவுன்னு பில், மத்ததெல்லாம் மொத்தத் தொகை பேசி எடுத்தது.

செந்தில், 8:20
சரி, வரிசையா போவோம்.

முதல்ல அட்மினிஸ்ட்ரேஷன், என்யூமரேஷன்ஸ், அதுல ஆக்டிவிட்டீஸ். இந்தப் பட்டியல் காலியா இருந்தா யாராலயும் நேரம் பதிய முடியாது, "ஆக்டிவிட்டி காலியா இருக்கக் கூடாது"ன்னு திருப்பி விடும். மேம்பாடு, டெஸ்டிங், கூட்டம், க்ளையன்ட் ஆதரவு, ஆவணம்னு அஞ்சு, மிஞ்சினா ஆறு. அதுக்கு மேல போகாதே. "கோட் ரிவ்யூ"வையும் "பேர் ப்ரோக்ராமிங்"கையும் தனித்தனியா வச்சா ஒரே வேலையை ஒருத்தர் இதுலயும் இன்னொருத்தர் அதுலயும் போடுவாங்க. அப்புறம் கூட்டிப் பாத்தா அர்த்தமே இருக்காது.

எதையும் டீஃபால்ட்டா வைக்காதே. வச்சா அவசரத்துல எல்லாரும் அதையே விட்டுட்டு சேவ் பண்ணிடுவாங்க, மாசக் கடைசில எல்லாமே "மேம்பாடு"ன்னு நிக்கும்.

செந்தில், 8:24
பின்னால ஒரு ஆக்டிவிட்டி வேண்டாம்னு தோணினா அழிக்காதே. அழிக்கப் போனா அதுல இருக்கற பழைய பதிவையெல்லாம் வேற ஒண்ணுக்கு மாத்தச் சொல்லும், போன மாச ரிப்போர்ட்டே மாறிப்போயிடும். ஆக்டிவ் டிக்கை மட்டும் எடுத்துடு.

மாலதி, 8:31
அடுத்தது ரோல், அதாவது ப்ராஜெக்ட்ல ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற அனுமதித் தொகுப்பு. "லாக் ஸ்பென்ட் டைம்", "வியூ ஸ்பென்ட் டைம்", "எடிட் ஓன் டைம் லாக்ஸ்" மூணும் டெவலப்பர் ரோலுக்கு. அடுத்தவங்க பதிவையும் திருத்தற "எடிட் டைம் லாக்ஸ்" மேனேஜருக்கு மட்டும். ரோல் பக்கத்துலயே எல்லாப் பதிவையும் பாக்கலாமா, தன்னோடது மட்டுமான்னு ஒரு தேர்வு இருக்கும். டெவலப்பருக்கு "தன்னோடது மட்டும்" வை. ஒருத்தர் மணியை இன்னொருத்தர் பாத்து ஒப்பிட ஆரம்பிச்சா, உண்மையா ஆன நேரத்தைப் போடாம நல்லாத் தெரியற நேரத்தைப் போடுவாங்க. அந்தத் தரவை எதுக்கும் நம்ப முடியாது.

நித்யா, 9:10
எல்லாம் போட்டுட்டேன். என் கணக்குல சரியா வருது. டெஸ்டிங் பாக்கற ஒருத்தருக்கு மட்டும் பட்டன் வரலைங்கறாங்க.

செந்தில், 9:14
நீ அட்மின், உனக்கு எல்லாம் வரத்தான் செய்யும். அட்மின் கணக்குல சோதிச்சா எந்த அனுமதிப் பிழையும் வெளிய தெரியாது. அவங்க அந்த ப்ராஜெக்ட்டோட மெம்பர்ஸ் பட்டியல்ல என்ன ரோல்னு பாரு. ரிப்போர்ட்டரா இருக்கும்.

நித்யா, 9:19
ஆமா, ரிப்போர்ட்டர்தான்!

செந்தில், 9:22
ரிப்போர்ட்டர் ரோலுக்கு அனுமதியைத் திறந்து விடாதே, க்ளையன்ட் ஆளுங்களும் அதே ரோல்லதான இருப்பாங்க? டெஸ்டர்னு தனி ரோல் போட்டு அவங்களை அதுக்கு மாத்து. அட்மின் இல்லாத டம்மி கணக்கு ஒண்ணும் வச்சுக்கோ. எந்த மாற்றம் பண்ணினாலும் அதுல ஒரு தடவை பாத்துடு.

கார்த்தி, 9:40
எங்க ஆபீஸ்ல ரெட்மைன் மாதிரியே இன்னொரு மென்பொருள், ஜிரா. அங்கயும் இதே கதைதானா அக்கா?

மாலதி, 9:52
இல்ல, அங்க பொறி வேற இடத்துல இருக்கு கார்த்தி. ஜிரால ஒரு நாள்னா 8 மணி, ஒரு வாரம்னா 5 நாள், இது டீஃபால்ட். உங்க ஆபீஸ்ல நாளுக்கு 7 மணின்னா பதிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்தணும். பாதில மாத்தினா ஏற்கனவே பதிஞ்ச 8 மணி வேலை "1 நாள் 1 மணி"ன்னு காட்டும், எல்லாரும் குழம்புவாங்க. இன்னொண்ணு, அலகு போடாம வெறும் 2ன்னு அடிச்சா அது 2 நிமிஷம். டீஃபால்ட் அலகு நிமிஷம்தான். அதை மணின்னு மாத்திடு. டைம் டிராக்கிங் ஃபீல்டை ஸ்க்ரீன்ல சேத்திருக்காங்களான்னும் பாரு.

கார்த்தி, 9:54
ஓ அதான் எங்க ரிப்போர்ட்ல 3 நிமிஷம், 4 நிமிஷம்னு வந்துட்டிருக்கா! மாத்தச் சொல்றேன்.

செந்தில், 10:05
ரெட்மைன்லயும் மணி அடிக்கறதுல இதே மாதிரி ஒரு இடம் இருக்கு நித்யா. எல்லாருக்கும் நீ சொல்லியே ஆகணும். 1.30ன்னா ஒன்றரை மணி இல்ல, 1 மணி 18 நிமிஷம். 1.45ன்னா 1 மணி 27 நிமிஷம். புள்ளி வச்சா அது தசமம். ஒன்றரை மணிக்கு 1:30 இல்லன்னா 1.5. எங்கயும் சிவப்புல பிழை காட்டாது, பேசாம சேவ் ஆயிடும். அதனால மாசம் பூரா யாருக்கும் தெரியாது. எப்பவும் முக்காப்புள்ளிதான்னு ஒரே விதி வை. செட்டிங்ஸ்ல நேரம் காட்டற வடிவத்தையும் 0:45 மாதிரி மாத்திடு. அடிக்கறதும் பாக்கறதும் ஒண்ணா இருந்தா தப்பு உடனே கண்ணுல படும்.

பாலு மாமா, 10:30
கணக்குப் பக்கத்துலேர்ந்து நானும் ஒண்ணு சொல்றேன். 20 நிமிஷத்தை 0.33னு எழுதினா மூணு தடவைக்கு 0.99, ஒரு மணி வராது. பில்லுல க்ளையன்ட் முதல்ல கேக்கறது அதைத்தான். 15 நிமிஷம் இல்ல 6 நிமிஷம்னு ஒரு அலகு வச்சுக்குங்க. 15ன்னா 0.25, 6ன்னா 0.1, ரெண்டும் மிச்சம் இல்லாம கூடும். ஒப்பந்தத்துல அலகு எழுதியிருந்தா அதுதான், உங்க வசதிக்கு மாத்தக் கூடாது.

நித்யா, 10:34
சரி மாமா, ஒப்பந்தத்தைப் பாத்துடறேன். பில் உள்ளது, பில் இல்லாததுன்னு எப்படிப் பிரிக்கறது? ஆக்டிவிட்டியையே ரெண்டு ரெண்டா போடலாமா?

செந்தில், 10:41
வேண்டாம், பட்டியல் ரெட்டிப்பாயிடும். கஸ்டம் ஃபீல்ட்ஸ் போய் "ஸ்பென்ட் டைம்" வகைல புதுசா ஒண்ணு சேரு. பேரு "பில் உண்டா", வகை பூலியன், கட்டாயம். டீஃபால்ட் காலி. அப்பதான் ஒவ்வொரு பதிவுலயும் யோசிச்சு ஆமா, இல்லன்னு தேர்வு பண்ணுவாங்க. ரிப்போர்ட்ல இதை வச்சே குழுவாவும் பிரிக்கலாம்.

அப்புறம் அட்மினிஸ்ட்ரேஷன், செட்டிங்ஸ், டைம் டிராக்கிங் தாவலுக்குப் போ. டிக்கெட்டையும் கமெண்ட்டையும் கட்டாயமாக்கு. டிக்கெட் இல்லாம ப்ராஜெக்ட் மேல பொத்தாம் பொதுவா போட்ட மணியை பின்னால யாராலயும் விளக்க முடியாது. வரப்போற தேதிக்குப் பதியறதை எடுத்துடு, 0 மணியையும் எடுத்துடு. ஒருத்தர் ஒரு நாளைக்குப் பதியக்கூடிய உச்ச வரம்பு 999ன்னு இருக்கும், அதை 12 ஆக்கு. 1:30க்கு பதிலா 130ன்னு அடிச்சா அங்கயே நிறுத்திடும்.

மாலதி, 10:58
கூட்டத்துக்கு எந்த டிக்கெட்டுன்னு உடனே கேப்பாங்க. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் மாசத்துக்கு ஒரு "பொது வேலை" டிக்கெட் திற, மாசம் முடிஞ்சதும் மூடு. வருஷம் பூரா ஒரே டிக்கெட்டை வச்சா அது குப்பைத் தொட்டி ஆயிடும்.

எஸ்டிமேட் விஷயத்துல ரெண்டு. வேலை தொடங்கினதும் எஸ்டிமேட்டை யாரும் மாத்தக் கூடாது. வொர்க்ஃப்ளோல ஃபீல்ட் பர்மிஷன்ஸ் இருக்கு பாரு, அங்க "நியூ" நிலைல எஸ்டிமேட்டட் டைமை கட்டாயமாக்கு, "இன் ப்ரோக்ரஸ்"லேர்ந்து ரீட்-ஒன்லி ஆக்கு. அது ரோல் வாரியா, ட்ராக்கர் (டிக்கெட் வகை) வாரியா இருக்கும், எல்லாத்துக்கும் தனித்தனியா பண்ணணும். இது பண்ணலைன்னா 4 மணின்னு சொன்னது 9 மணி ஆனதும் எஸ்டிமேட்டும் 9 ஆயிடும், எல்லா வேலையும் சொன்ன நேரத்துக்கு முடிஞ்ச மாதிரி தெரியும். அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு அதுல கத்துக்க ஒண்ணும் இருக்காது.

ரெண்டாவது, துணை டிக்கெட் இருந்தா தாய் டிக்கெட்ல எஸ்டிமேட் போடாதே. தாய்ல 20, மூணு பிள்ளைல சேந்து 20ன்னா மொத்தம் 40ன்னு காட்டும்.

நித்யா, 11:05
இதை நான் யோசிக்கவே இல்ல அக்கா. டெவலப்பர்ஸ் "டிக்கெட்டைத் திறந்து மணி போட நேரமில்ல"ங்கறாங்க. வேற வழி இருக்கா?

செந்தில், 11:12
இருக்கு. செட்டிங்ஸ்ல ரெப்பாசிட்டரீஸ் (கோட் வைக்கற இடம்) தாவல்ல கமிட் (கோட் மாற்றத்தை அங்க சேமிக்கறது) வழியா நேரம் பதியறதை ஆன் பண்ணு, எந்த ஆக்டிவிட்டில விழணும்னும் அங்கயே தேர்வு பண்ணு. அதுக்கப்புறம் கமிட் செய்தில "ரெஃப்ஸ் #482 @1:30" மாதிரி எழுதினா 482ல ஒன்றரை மணி ஏறிடும். ரெஃப்ஸ் ஆங்கிலத்துல இருக்கணும். ரெப்பாசிட்டரி பக்கத்துல கமிட் பேரையும் ரெட்மைன் பேரையும் பொருத்தி வைக்கணும், இல்லன்னா நேரம் ஏறாது.

ஆனா "பில் உண்டா" ஃபீல்டைக் கட்டாயமாக்கியிருக்க இல்லையா, கமிட் வழியா வர்ற பதிவுல அதை நிரப்ப ஆள் கிடையாது. பில் இல்லாத ப்ராஜெக்ட்ல மட்டும் கமிட் பதிவு, பில் உள்ளதுல கையாலன்னு பிரிச்சுக்கோ. ஃபீல்டையும் பில் உள்ள ப்ராஜெக்ட்லதான் நிரப்பச் சொல்ற மாதிரி வைக்க முடியுதான்னு டம்மி கணக்குல சோதிச்சுட்டு முடிவு பண்ணு.

பாலு மாமா, 11:25
மாசம் முடிஞ்சதும் யாரும் பழைய மணியைத் தொடாம பூட்ட முடியுமா? பில் போனப்புறம் எண் மாறக் கூடாது.

செந்தில், 11:31
மாசத்தைப் பூட்டற பட்டன் ரெட்மைன்ல நேரா இல்ல மாமா, ப்ளகின் (தனியா சேக்கற துணை மென்பொருள்) வேணும். அது இல்லாம, பில் போடற அன்னிக்கு பதிவையெல்லாம் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) ஆ எடுத்து தேதி போட்ட பேர்ல வச்சுக்கணும், பில்லுக்கு அதுதான் ஆதாரம். திருத்தம் வந்தா பழைய பதிவைத் தொடாம அடுத்த மாசத்துல தனிப் பதிவு, கமெண்ட்ல காரணம்.

பாலு மாமா, 11:33
அது போதும். தணிக்கைக்கும் அதுதான் நல்லது.

மாலதி, 11:47
நித்யா, முதல் மாசம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்பென்ட் டைம், ரிப்போர்ட் தாவல்ல வரிசைக்கு யூசர், நெடுக்க நாள்னு வச்சுப் பாரு. காலியான கட்டம் கண்ணுல படும். ஒண்ணு கவனம்: அந்த வாரம் ஒரு பதிவு கூடப் போடாதவங்க பேரே அந்த ரிப்போர்ட்ல வராது. 11 பேர்ல 9 வரிசைதான் இருக்குன்னா மீதி ரெண்டு பேரை நீதான் கண்டுபிடிக்கணும்.

நித்யா, 11:50
சரி அக்கா, ஆள் பட்டியலைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பாக்கறேன். இப்ப வொர்க்ஃப்ளோலதான் இருக்கேன், 3 ட்ராக்கர், 4 ரோல். முடிச்சுட்டு டம்மி கணக்குல போட்டுப் பாத்துட்டு இங்க சொல்றேன்.