பென்ஸ் கார் புகை: எமிஷன் டெஸ்டில் தேறவில்லை, அவசரம்

காட்பாடிவாசி
வணக்கம். பழைய பென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். இன்று எமிஷன் டெஸ்டுக்குக் கொண்டுபோனேன், தேறவில்லை. புகை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன முறை ஒரு சிக்கலும் இல்லை. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு திருவண்ணாமலை போக வேண்டும். சான்று இல்லாமல் வழியில் பிடித்தால் பத்தாயிரம் என்று பயமுறுத்துகிறார்கள். இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும், ஒன்றரை லட்சமாவது ஆகும் என்கிறார். வீட்டில் விற்றுத் தொலையுங்கள் என்கிறார்கள். மகள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருக்கிறாள். இந்தக் காரில் வந்து வாசலில் இறங்க மாட்டேன், ஒரு தெரு தள்ளி நிறுத்துங்கள் என்கிறாள். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லவும்.

ஆற்காட்டார்
என்ன மாடல், எந்த வருடம், பெட்ரோலா டீசலா? இது மூன்றும் இல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

குடியாத்தம் ரோடு
புகை என்ன நிறம்? நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு.

டீசல் ஆசான்
இந்தப் பகுதியின் தலைப்பில் "கேட்பதற்கு முன் படிக்கவும்" என்று ஒரு குறிப்பு பல வருடங்களாக இருக்கிறது. எழுதியவன் நான்தான். படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 1995-இல் பூனாவில் தயாரிக்கத் தொடங்கிய டபிள்யூ 124-உம் பழைய பென்ஸ்தான், பத்து வருடத்துக்கு முன் வந்ததும் பழைய பென்ஸ்தான். தன் வண்டியின் மாடலைச் சொல்லத் தெரியாதவர்கள் மாருதியோடு நிறுத்திக்கொள்வது உடம்புக்கும் பைக்கும் நல்லது.

பாலாறு மணல்
ஆசானே, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். டீசல் எங்கே போடுகிறீர்கள்? கலப்படம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். டேங்கைக் காலி செய்து, நல்ல பங்கில் நிரப்பி, மறுபடியும் டெஸ்டுக்குப் போங்கள்.

குடியாத்தம் ரோடு
எந்தக் கேள்வி வந்தாலும் உங்கள் பதில் கலப்படம்தான். போன வாரம் ஒருவர் ஏசி குளிரவில்லை என்று கேட்டார். அதற்கும் டீசலை மாற்றச் சொன்னீர்கள்.

விருதம்பட்டு பாய்
இன்னும் மாடல் வரவில்லை, பரவாயில்லை. டீசல் பென்ஸ் என்றால் ஈஜிஆர் வால்வுதான், புகையில் ஒரு பங்கை மறுபடியும் எஞ்சினுக்குள் விடுகிற அந்த வால்வு. கரி படிந்து திறந்தபடியே நின்றுவிடும். அங்கே சின்ன இரும்புத் தகடு ஒன்றை வெட்டி வைத்து வழியை அடைத்துவிட்டால் புகை நின்றுவிடும். செலவு டீக்காசு. நான் என் இரண்டு வண்டிக்கும் செய்திருக்கிறேன்.

காட்பாடிவாசி
கடையில் கூட்டம், இப்போதுதான் பார்க்கிறேன். டீசல். ஈ 280 சிடிஐ. 2008. சென்னைப் பதிவு, ஆர்.சி.யை 2028 வரை புதுப்பித்தாகிவிட்டது. புகை கறுப்பு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் போயிருக்கலாம் என்கிறார் மெக்கானிக்.

ஸ்பேனர்
தம்பி, எஞ்சினை இறக்க யாருக்கும் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். டெஸ்ட் சீட்டில் என்ன அளவு போட்டிருக்கிறது? டெஸ்டுக்குப் போகும்போது எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது? மேட்டில் இழுவை குறைந்திருக்கிறதா? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது "உஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்கிறதா? ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்களா, இல்லை காதால் கேட்டே ஒன்றரை லட்சம் சொன்னார்களா?

சத்துவாச்சாரி சைக்கிள்
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். 2008 டீசல், புகைக் கட்டுப்பாட்டில் பழைய பாரத் ஸ்டேஜ் 3 தரம், மூன்று லிட்டர் எஞ்சின். இதைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு? பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்று தருகிறார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குச் சாலை வரியில் சலுகை உண்டு. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை போட்டது சும்மாவா? டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சேர்த்தது 2012-இல். உங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொண்டது மகள் ஒருத்திதான்.

ஆற்காட்டார்
டெல்லி கதை டெல்லிக்கு. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது எல்லாம் தலைநகரச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் வயதை மட்டும் வைத்துத் தனியார் காரை யாரும் நிறுத்த முடியாது. பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். இவர் அதைச் செய்துவிட்டார். அடுத்த முறை கொஞ்சம் வலிக்கும். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

பாலாறு மணல்
சைக்கிள்காரரே, ஒரு கணக்குப் போடுவோம். இந்த வண்டி வருடம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். லிட்டருக்குப் பத்து கொடுத்தால் 400 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, வருடத்துக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். புது மின்சாரக் கார் ஒன்று ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே பேட்டரியும் இரும்புமாகப் பல டன் வெளியாகிவிடுகிறது. குறைவாக ஓடும் பழைய வண்டியை உடைத்துவிட்டுப் புதிது வாங்கினால் பூமிக்கு என்ன லாபம்?

சத்துவாச்சாரி சைக்கிள்
கணக்கு சரி, கேள்வி வேறு. நீங்கள் பேசுவது கார்பன் டை ஆக்சைடு. அது எங்கே வெளியானாலும் வானத்துக்கு ஒன்றுதான். நான் பேசுவது கரித்துகள். அது பள்ளி வாசலில் வெளியானால் அங்கே நிற்கும் பிள்ளைகளின் மூச்சுக்குத்தான் போகும். 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல முடியுமா? டெஸ்டில் தேறாத வண்டி நின்றாக வேண்டும். தேறினால் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆம்பூர்க்காரன்
ஒரு பென்ஸ் விட்ட புகையில்தான் வேலூர் கெட்டுவிட்டதா! பாலாற்றங்கரைக் கிணறுகளில் தோல் கழிவு இறங்கியபோது எங்கே இருந்தீர்கள்? மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் ஊர் வழக்கில்தான்; வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது. சட்டக் கல்லூரியில் நாடு முழுவதும் அதைப் படிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் ஆலை மூடிப் பல வருடம் ஆன பிறகும் குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து கிடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சத்துவாச்சாரி சைக்கிள்
அந்த வழக்குக்காக எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கியவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். பெரிய மாசு இருக்கிறது என்பதால் சின்ன மாசுக்கு மன்னிப்பு என்று அந்தத் தீர்ப்பில் எங்கே எழுதியிருக்கிறது? ஈடு கட்ட வேண்டியவர் பட்டியலில் கார் வைத்திருப்பவரும் உண்டு. அந்த பென்ஸ் இருக்கையில் போர்த்தியிருப்பதும் தோல்தான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆம்பூர்க்காரன்
தோலை இழுத்தால் நானும் இழுப்பேன். எத்தனை ஆயிரம் குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்று தெரியுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாங்கள் கட்டும் பணம்

நடத்துநர்
தோல் தொழிலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பென்ஸ் மட்டும். ஆம்பூர்க்காரரின் மீதிப் பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன்.

விருதம்பட்டு பாய்
என் தகடு யோசனையை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

ஸ்பேனர்
கண்டுகொண்டேன் பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள். தகடு வைத்தால் கறுப்புப் புகை குறையும், அது உண்மை. ஆனால் ஈஜிஆர் வைத்திருப்பதே எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகாமல் தடுக்கத்தான். அடைத்தால் அது ஏறும். நம் ஊர் டீசல் டெஸ்டில் புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் சான்று சுலபமாகக் கிடைத்துவிடும். வெளியே வருவது மட்டும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சாக மாறியிருக்கும். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் ஒரு நாள் வேலை. அதைச் செய்யலாமே.

விருதம்பட்டு பாய்
சுத்தம் செய்தால் மறுபடியும் அடைக்கிறதே ஐயா.

ஸ்பேனர்
மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டியதுதான். பல் தேய்ப்பதில்லையா?

காட்பாடிவாசி
சீட்டில் 3.1 என்று இருக்கிறது. டெஸ்ட் நிலையம் எங்கள் தெருமுனையில்தான், காலையில் வண்டியை எடுத்ததும் போனேன். போன மாதம் ஏலகிரி ஏறும்போது இழுவையே இல்லை, பாதி வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தேன். சத்தம்: ஆமாம், "உஸ்" என்று வருகிறது, ஏசி சத்தம் என்று நினைத்திருந்தேன். ஸ்கேனர் போடவில்லை. தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும்தான் ஓடுகிறது.

டீசல் ஆசான்
முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகியிருக்கும்.

ஸ்பேனர்
நல்லது, இப்போது விஷயம் தெளிவாகிறது. உங்கள் வண்டிக்குப் புகை வரம்பு 2.45. பாரத் ஸ்டேஜ் 4 வண்டியாக இருந்தால் 1.62 என்றிருக்கும், அந்த வகையில் உங்களுக்குச் சலுகைதான். 3.1 ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

உங்களுடையது ஓஎம் 642 எஞ்சின், வி6. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசலை விடுகிறது. அளந்த காற்று, அதை அழுத்தும் டர்போ வழியாக, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் ரப்பர் குழாயில் போகிறது. அந்தக் குழாய் ஆயில் பட்டுப்பட்டு ஊறிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். வேலூர் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் கிழியும். கிழிந்தால் அழுத்தத்தில் காற்று வெளியே பீய்ச்சும். அதுதான் நீங்கள் கேட்கும் "உஸ்". காற்று குறைந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டீசல் முழு அளவுக்கு வரும், எரியாத மிச்சம் கரியாகப் பின்னால் போகும். இழுவை இல்லாததும் கறுப்புப் புகையும் ஒரே வியாதிதான். இன்ஜெக்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்பக்க மறைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழாயையும் கையால் அமுக்கி வளைத்துப் பாருங்கள், கீழ்ப்புறத்துக்கு ஒரு கைக்கண்ணாடியைப் பிடியுங்கள். கிழிசல் பெரும்பாலும் கிளாம்புக்கு ஒட்டினாற்போல், கண்ணுக்குப் படாத பக்கத்தில்தான் இருக்கும். சுற்றிலும் கறுத்த பிசுக்கு அப்பியிருக்கும், விரலால் துடைத்தால் கோடு தெரியும். வண்டி நிற்கும்போது வாய் மூடியிருக்கும், அமுக்கினால்தான் திறக்கும். டேப் சுற்றாதீர்கள், முதல் ஏற்றத்திலேயே பிய்த்துக்கொள்ளும். புதுக் குழாய்தான் போட வேண்டும்.

இன்னொன்று, டெஸ்டுக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகக் கூடாது. ஆயில் குறைந்தது 60 டிகிரியாவது சூடேறியிருக்க வேண்டும் என்பது டெஸ்ட் விதியிலேயே இருக்கிறது. குழாய் மாற்றிய பிறகு நெடுஞ்சாலையில் வாலாஜா வரை போய் வாருங்கள். ஒரு கியர் குறைத்து, எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படி ஓட்டுங்கள். சைலன்சரில் படிந்த கரி போகும். பள்ளி வாசலில் இல்லை, நெடுஞ்சாலையில். அங்கிருந்து நேராக டெஸ்டுக்குப் போங்கள்.

தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிறது என்றால் ஈஜிஆரில் கரி சேரத்தான் செய்யும். எஞ்சின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடுகிறது. அந்தச் சின்ன ஓட்டத்துக்கு ஸ்கூட்டரை எடுங்கள், பென்ஸை வெளியூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கும் நல்லது, மகளுக்கும் வழக்கு தீரும்.

குடியாத்தம் ரோடு
இந்த வண்டியில் புகை வடிகட்டி, அந்த டிபிஎஃப், இருக்குமே? அது அடைத்திருந்தால்?

ஸ்பேனர்
வடிகட்டி ஒழுங்காக இருக்கும் வண்டியில் இவ்வளவு கரி வெளியே வராது. ஆகவே இவருடையதில் அது இல்லை, அல்லது யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்தால் தெரிந்துவிடும். எடுத்திருந்தால் அது வேறு கதை, தனியாகப் பேசுவோம்.

வாணியம்பாடி நண்பன்
இவ்வளவு எதற்கு? தெரிந்த டெஸ்ட் நிலையம் ஒன்று இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் வண்டியே வேண்டாம், சான்று வரும். தனிச் செய்தி அனுப்புங்கள்.

நடத்துநர்
மேலே உள்ள பதிவை எழுதியவர் ஒரு வாரம் இங்கே எழுத முடியாது.

சத்துவாச்சாரி சைக்கிள்
நன்றி, நடத்துநரே. ஸ்பேனர் ஐயா, ஸ்கூட்டர் என்ற இடத்தில் சைக்கிள் என்று போட்டிருக்கலாம்.

காட்பாடிவாசி
குழாய்தான். இன்டர்கூலரிலிருந்து வருவது, கீழ்ப்புறம் இரண்டு விரல் நீளம் கிழிந்திருந்தது. மாற்றியாகிவிட்டது. ஈஜிஆரையும் சுத்தம் செய்தார்கள். டெஸ்டில் 1.7. சான்று வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

டீசல் ஆசான்
எதிர்பார்த்ததுதான். இந்த எஞ்சினில் குழாய் கிழிவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆற்காட்டார்
எல்லோருக்கும் தெரியும், நீங்கள் மட்டும் இந்த இழையில் எங்கும் சொல்லவில்லை.

ஸ்பேனர்
மகிழ்ச்சி தம்பி. திரும்பி வந்ததும் இன்னொன்றைப் பாருங்கள். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் இருக்கிறது. குழாயை அவ்வளவு ஊறவைத்த ஆயில், எஞ்சினின் ஆவியை வெளியே விடும் பிரீதர் வழியாக வருகிறது. வளையம் காய்ந்து கெட்டியாகியிருந்தால் அந்த ஆயில் கசிந்து, அடியில் இருக்கும் இன்டேக் மோட்டார் மேல் சொட்டும். மோட்டார் செத்தால் வண்டி வேகம் எடுக்காமல் ஊரும் லிம்ப் மோடுக்குப் போய்விடும், அந்தச் செலவு பெரிது. வளையத்தின் விலை சில நூறு ரூபாய்தான். உங்கள் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அடுத்த டெஸ்டுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

விருதம்பட்டு பாய்
காட்பாடிவாசி, குழாய் எங்கே வாங்கினீர்கள்? கம்பெனிச் சரக்கா, சென்னை புதுப்பேட்டையா? என்ன விலை? என் தம்பி வண்டிக்கும் வேண்டும்.

விருதம்பட்டு பாய்
யாருக்காவது தெரியுமா?