‘செக்ஸ்குட்டாட்டா’ என்று தேடினால் அமெரிக்க வண்டு வருகிறது, லேபிளில் என்ன எழுத?

கரட்டுக்காடு:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் மாணவர்களோடு பூச்சி பார்க்கப் போன இடத்தில் பெரிய கறுப்பு வண்டு ஒன்றைப் படம் எடுத்தோம். கிட்டத்தட்ட 4 செ.மீ. நீளம். முன்மார்பில் இரண்டு, இறக்கை மூடியில் நான்கு என ஆறு வெள்ளைப் புள்ளிகள். பறக்கவே இல்லை, விறுவிறுவென்று ஓடுகிறது. ‘செக்ஸ்குட்டாட்டா’ என்றார் நண்பர். தேடினால் பளபளவென்று பச்சை வண்டு வருகிறது, அதுவும் வட அமெரிக்காவில். ஒரு பழைய பட்டியலில் ‘காரபஸ் செக்ஸ்குட்டாட்டஸ்’ என்று இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் தப்பாக ஏறிவிடக் கூடாது. உதவுங்கள்.

வண்டுத்தடம்:
உங்களுடையது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா, தரைவண்டு. பச்சையாக வருவது சிசிண்டெலா செக்ஸ்குட்டாட்டா என்னும் புலி வண்டு. செக்ஸ்குட்டாட்டா என்றால் லத்தீனில் ‘ஆறு புள்ளி கொண்டது’. அதற்கும் ஆறு புள்ளி என்பதால் அந்தப் பெயர். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ்தான், ஒரே ஆண்டில், 1775இல். பேரினம் (பெயரின் முதல் சொல்) வேறாக இருந்தால் சிற்றினப் பெயர் (இரண்டாம் சொல்) ஒன்றாக இருக்கலாம், விதியில் தடையில்லை. அதனால் இரண்டு சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

பழைய பட்டியலும் சரிதான். ஃபாப்ரீசியஸ் இதை முதலில் லின்னேயஸின் காரபஸ் பேரினத்தில்தான் வைத்தார். ஆந்தியா என்ற பேரினத்தை வெபர் அமைத்தது 1801இல். காரபஸ் லத்தீனில் ஆண்பால், ஆந்தியா பெண்பால். அதனால் ‘டஸ்’ என்ற ஈறு ‘டா’ ஆனது.

கரட்டுக்காடு:
மிக்க நன்றி! சில இடங்களில் ஃபாப்ரீசியஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சில இடங்களில் இல்லை. எது சரி?

வண்டுத்தடம்:
உங்கள் வண்டுக்குக் குறி கட்டாயம்: ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா (ஃபாப்ரீசியஸ், 1775). பெயர் வைத்தபோது இருந்த பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். புலி வண்டு இன்றும் சிசிண்டெலாவிலேயே இருப்பதால் அதற்குக் குறி வராது. வண்டின் பெயர் மட்டும் சாய்வெழுத்து, ஆசிரியர் பெயர் நேரெழுத்து. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு வண்டின் வரலாறே அந்தச் சின்னக் குறியில் இருக்கிறது!

முள்வேலி:
நடுவில் ஒன்று. பிள்ளைகளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடாதீர்கள். வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும், கண்ணில் பட்டால் ஆபத்து.

கரட்டுக்காடு:
சொல்லிவிடுகிறேன். குடும்பம் இரண்டுக்கும் ஒன்றேதானா?

வண்டுத்தடம்:
ஆந்தியா தரைவண்டுக் குடும்பமான காரபிடே, அதில் சிக்கல் இல்லை. புலி வண்டுகளை அதற்குள் துணைக்குடும்பமாக வைப்பவர்களும் உண்டு, சிசிண்டெலிடே என்று தனிக்குடும்பமாகப் பிரிப்பவர்களும் உண்டு. நீங்கள் காரபிடே என்று எழுதி, இடமும் தேதியும் பார்த்தவர் பெயரும் சேர்த்துவிடுங்கள்.