பொலிஸில சிங்களத்தில எழுதின என்ட்ரிக்குக் கையெழுத்து வைக்கத்தான் வேணுமோ?

வெள்ளவத்தைக்காரி:
போன கிழமை அம்மான்ர ஹேன்ட்பேக் 100 பஸ்ஸில துலைஞ்சு போச்சு, ஐசியும் (அடையாள அட்டை) அதுக்குள்ளதான். டூப்ளிகேட் எடுக்க பொலிஸ் என்ட்ரி வேணுமெண்டு ஜிஎஸ் (கிராம சேவகர்) சொன்னபடியா போனனாங்கள். எந்த ஸ்டேசன் எண்டு சொல்லேல்ல, விடுங்கோ. அந்த பொலிஸ் மஹத்தயா மரியாதையாத்தான் கதைச்சவர், ஆனா எல்லாத்தையும் சிங்களத்தில எழுதிப்போட்டு பேனையைத் தந்து இதில வையுங்கோ எண்டார். எனக்கு சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. அம்மா வைச்சிட்டா. வீட்டை வந்து பக்கத்து வீட்டு அன்ரியிட்ட வாசிக்கக் குடுத்தா, ஐசி வீட்டில வைச்சு துலைஞ்சதெண்டு கிடக்கு!! பஸ் எண்ட சொல்லே இல்ல.

தமிழில எழுதித் தரக் கேக்கலாமெண்டு இலங்கை அரசியல் யாப்பிலயே இருக்கு எண்டு மாமா சொல்லுறார். உண்மையே? இப்பிடி எங்களுக்குத் தெரியாத உரிமை வேற என்ன கிடக்கு?

புதுக்கடை_பக்கம்:
மாமா சொன்னது சரி அக்கா. 22ஆம் உறுப்புரை. நிர்வாக மொழி சிங்களமா இருக்கிற இடத்திலயும், அரச உத்தியோகத்தரோட தமிழிலயோ இங்கிலீஷிலயோ அலுவல் பார்க்கவும் அதே மொழியில பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு. உங்களுக்கெண்டு அவர் ஒரு ஆவணம் எழுதித் தந்தா அதையும் தமிழில, இல்லாட்டி தமிழ் மொழிபெயர்ப்போட கேக்கலாம். பொலிசும் அரச உத்தியோகத்தர்தானே. ஆள் இல்ல, தமிழ் டைப்பிங் இல்ல எண்டு சொல்லுவினம், ஆனா அந்த வசதியைச் செய்து குடுக்கிறது அரசின்ர கடமை எண்டு 25 சொல்லுது, அது உங்கட தலையிடி இல்ல.

1987இல 13ஆம் திருத்தத்தோட "தமிழும்" அரச கரும மொழியாச்சு, 1988இல 16ஆம் திருத்தம் இந்த விபரமெல்லாத்தையும் போட்டுது. அந்த "உம்"மிலதான் எங்கட சீவியம் தொங்குது எண்டு எங்கட சேர் ஒருத்தர் பகிடி விடுவார்.

கனபேருக்குத் தெரியாத விசயம் இதுதான்: யாப்பின்ர 126ஆம் உறுப்புரையின் கீழ உச்ச நீதிமன்றத்துக்குப் போறது அடிப்படை உரிமைக்கு மட்டுமில்ல, மொழி உரிமைக்கும்தான். மீறினாப் பிறகுதான் எண்டில்ல, மீறப் போறாங்கள் எண்டாலும் போகலாம். ஆனா ஒரு மாசத்துக்குள்ள போடோணும்.

கொட்டாஞ்சேனை பெடியன்:
தம்பி, துலைஞ்ச ஐசிக்கு சுப்ரீம் கோர்ட்டா 😂 லோயருக்குக் குடுக்கிற காசுக்கு பத்து பேக் வாங்கலாம். அக்கா, முதல்ல அதே ஸ்டேசனுக்கே திரும்பப் போங்க, எழுதினது பிழை, தமிழ் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க, பாதி இடத்துல அதுலயே முடிஞ்சிரும். சரிவரலைன்னா மனித உரிமை ஆணைக்குழு இருக்கு, 1996க்கு கோல் பண்ணலாம், சல்லி செலவில்ல. ஒரு மாசத்துக்குள்ள அங்க முறைப்பாடு குடுத்தீங்கன்னா, அவங்க விசாரிக்கிற நாள் அந்த கோர்ட் ஒரு மாசக் கணக்குல சேராது. இது எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சிச்சு.

அப்புறம் ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமை. 2015ல 19ஆம் திருத்தத்தோட 14அ னு யாப்புக்குள்ள வந்திச்சு, 2016ல சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறை. எங்க ஒழுங்கைக் கான் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினாங்கன்னு ஒரு ஒபிஸ்ல கேட்டேன். அந்த மிஸ் "ஏன் கேக்குறீங்க"ன்னா. காரணம் சொல்லத் தேவையில்லைன்னு சட்டத்துலயே இருக்கு மிஸ்ன்னேன். மூஞ்சியைப் பார்க்கணுமே! 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும், எழுத முடியாத ஆள் வாயால சொன்னாக்கூட அவங்கதான் எழுதிக்கணும்.

மருதானை நானா:
ஆர்டிஐ பிரஜைக்கு மட்டும்தான், அத மறந்துடாதீங்க. நான் சொல்ல வந்தது யாப்புல உள்ள 12(3). இனம், மதம், மொழி, சாதி, ஆணா பெண்ணா எண்டு பாத்து கடை, ஹோட்டல், தியேட்டர், தன்ட மதத்து வணக்கஸ்தலம், இதுகளுக்குள்ள போறத தடுக்க ஏலாதாம். வாசிச்ச அண்டைக்கு நான் நம்பவே இல்ல, திரும்பத் திரும்ப வாசிச்சேன். ஆனா வாடகை வீடு அந்த லிஸ்ட்ல இல்ல, "எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் குடுப்பம்" எண்டு நாம எத்தன போர்ட பாத்திருக்கோம். இன்னொண்டு, 126க்கு அரச ஆளு செஞ்ச வேலையா இருக்கணும். தனியார் கடைக்காரன் வாசல்ல நிப்பாட்டினா அதால புடிக்கிறது கஷ்டம், எழுத்துல உரிமை இரிக்கி, போற பாதைதான் இல்ல.

புதுக்கடை_பக்கம்:
நானா சொன்னது சரி. அதோட, உயிர்வாழும் உரிமை எண்டு எங்கட யாப்பில தனியா ஒரு வரி இல்ல, தெரியுமோ? பொலிஸ் காவல்ல ஒருத்தர் செத்துப்போக அவர்ட மனைவி போட்ட வழக்கிலதான், 2003இல, அது யாப்புக்குள்ள மறைமுகமா இருக்கெண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

வெள்ளவத்தைக்காரி:
இண்டைக்குப் போயிட்டு வந்தனாங்கள். முதல்ல "அதே விசயம்தானே"ண்டு இழுத்தினம், பிறகு உள்ளயிருந்து மட்டக்களப்புப் பெடியன் ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்தினம். இருபது நிமிசம்தான். பஸ் நம்பரோட தமிழில எழுதி வாசிச்சுக் காட்டினவன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு தானும் ஒருக்கா வாசிச்சுப் பார்த்துத்தான் வைச்சவ.

இப்ப அவவுக்கு உசார் வந்திட்டுது. சிங்களத்தில கிடக்கிற தன்ர கலியாண சேர்டிபிகேட்டையும் தமிழில கேப்பமோ எண்டு நிக்கிறா, கேக்கலாமோ?

புதுக்கடை_பக்கம்:
கேக்கலாம், அதே 22தான். மொழிபெயர்ப்புத்தான் கிடைக்கும். கொஞ்சம் இழுபடும், பழைய கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கோ.