பரிசோதனையில் அகப்படாத வயிற்றுவலி

முக்கியமான கூட்டமோ நேர்காணலோ இருக்கும் நாள்களில், கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடும் நேரத்தில்தான் என் அடிவயிறு முறுக்கத் தொடங்கும். பூட்டிய கதவைத் திறந்து கழிவறைக்கு ஓடிய காலைப்பொழுதுகள் மூன்று ஆண்டுகளில் எத்தனையோ. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோப்பி எல்லாம் முடிந்தபின், "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு மருத்துவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து வீட்டிலும் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு நான் சென்ற குடல்நோய் மருத்துவர் ஒரு தாளில் மேலே மூளையையும் கீழே குடலையும் வரைந்து, நடுவில் வேகஸ் நரம்பைக் கோடாக இழுத்து, ஐந்து அம்புக்குறிகள் போட்டார். அவற்றில் நான்கு மேல்நோக்கி இருந்தன. அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்ளுறுப்புகளின் செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்பவை என்றும், குடல் சுவரிலேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன என்றும் விளக்கினார். பதற்றம் வரும்போது மூளை அனுப்பும் அழுத்த சமிக்ஞைகள் இரைப்பையை மந்தப்படுத்திப் பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. நரம்புகள் மிகையாகக் கூர்மையடைந்தவருக்குக் குடலில் இயல்பாகச் சேரும் வாயுவின் அழுத்தமும் வலியாகவே எட்டுகிறது. புண்ணோ கட்டியோ இல்லாததால் ஸ்கேனில் எதுவும் தெரியாது, ஆனால் வலி உண்மையானது என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பரிசோதனைகள் வீண் என்று நான் சொல்லவில்லை, மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தால் அவை கட்டாயம் தேவை.)

மனச்சோர்வுக்கான பழைய மருந்து ஒன்றை மிகக் குறைந்த அளவில் எழுதித் தந்தார். முதலில் தயங்கினேன்; குடலிலிருந்து வரும் வலிச் செய்தியைத் தணிக்கவே அது என்று புரிந்தபின் உட்கொண்டேன். இப்போது பெரும்பாலான நாள்களில் கதவை ஒருமுறைதான் பூட்டுகிறேன்.

வாசகர் ஒருவரின் மறுமொழி

எனக்கு இது தலைகீழாக நடந்தது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்து கிருமி நீங்கிய பிறகும் குடல் அடங்கவில்லை. முன்பு அறிந்திராத பதற்றம் அதற்குப் பின்னரே தொடங்கியது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில் உருவாவதால் அதுவே மூளைக்கு ஏறி மனநிலையை மாற்றுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கருத்து சரியன்று, இரத்தத்திலுள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத குருதி-மூளைத் தடுப்பைக் குடலின் செரட்டோனின் கடப்பதில்லை. குடலிலேயே நரம்பு முனைகளைத் தூண்டித்தான் செய்தி மேலே செல்கிறது. எனக்கும் வயிறு அடங்கிய பிறகுதான் தூக்கம் சீரானது.